நிலவறைக்கு வந்த விருந்தாளிகள்

இந்தக் கோடையில் தம் வீட்டு நிலவறையில் ஒரு பூச்சிகூடச் சாகக் கூடாது என்று ரெங்கராஜ் முடிவு செய்தார்.

திடீரென்று ஜீவகாருண்யம் பொங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் அவருடைய சகலை.

திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் பின்னால் அவர் வீடு. சமஸ்தானக் காலத்துக் கட்டடம். நெல் போட்டு வைப்பதற்காகக் கூடத்துக்கு அடியில் ஓர் அறை தோண்டியிருந்தார்கள். ஏழெட்டுக் கல்படி இறங்கினால், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்திலும் பானைத் தண்ணீர் மாதிரிக் குளுகுளுவென்று இருக்கும். நெல் போய்ப் பல காலம் ஆயிற்று. இப்போது உள்ளே இருந்தவை உடைந்த தொட்டில், ஓட்டை அண்டா, இருட்டு.

அந்த இருட்டின் மேல்தான் அவர் மனைவி சொர்ணவல்லியின் கண் விழுந்தது.

"ஏங்க, இலுப்பூர் பஸ் கண்டக்டர் சேதி சொல்லிட்டுப் போனாரு. தங்கச்சி அமராவதி குடும்பத்தோட வாராளாம். வர்ற வெள்ளிக்கெழம."

"போறது?"

"பள்ளிக்கூடம் தெறக்கையில."

ரெங்கராஜ் தம் சாய்வு நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். அமராவதியின் புருஷன் மலையாண்டி கடலைக்காய் வியாபாரி. போன வருஷம் மூன்று நாள் தங்கினான். அந்த மூன்று நாளும் இந்த நாற்காலி அவனுடையது. பேப்பரும் முதலில் அவனுக்கு. சவரக்கத்தியும் அவனுக்கு. குறட்டை மட்டும் எல்லாருக்கும்.

"எடம் எங்க இருக்கு, வல்லி?"

"நெலவறை இருக்குல்ல? பூச்சி பொட்டை அடிச்சு, சுண்ணாம்பு பூசிட்டா ராஜா மாதிரி படுத்துக்குவாங்க."

"அதுலயா? அங்கிட்டு ஒவ்வொரு எட்டுக்கால் பூச்சியும் உள்ளங்கை அகலம் இருக்கு. மேல ஊர்ந்துச்சுன்னா ஒடம்பெல்லாம் தடிச்சுப் போகும்."

"அப்பச் சரி, நானே எறங்கி..."

"கூடாது! நீ அந்தப் பக்கமே தலை வைக்காத. பூச்சிய நான் பாத்துக்கிறேன்."

"நீங்களா?" என்றாள் சொர்ணவல்லி.

அந்த 'நீங்களா'வில் ஒரு சரித்திரம் இருந்தது. சர்க்கார் ஆபீசில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிற ஹெட்கிளார்க் ரெங்கராஜ், கரப்பான் பூச்சியைக் கண்டால் பெஞ்சின் மேல் ஏறி நிற்பார். கேட்டால் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஏறினேன் என்பார். அந்த வீட்டுக் கடிகாரத்துக்கு ஒரே நாளில் நாலு தரம் சாவி கொடுத்ததும் உண்டு.

ஆனாலும் நாற்காலிக்காக உயிரையும் கொடுக்கலாம் என்று அரிக்கேன் விளக்கோடு படியிறங்கினார். ஏமாற்றம். அண்டாவுக்குப் பின்னால் நூல் மாதிரி ஒரு சிலந்தி, சுவரோரம் ரெண்டு மரவட்டை. அவ்வளவுதான். இதைக் காட்டி ஒரு சகலையை விரட்ட முடியுமா? ஒரு கொசுவைக்கூட விரட்ட முடியாது.

இல்லாவிட்டால் என்ன? வரவழைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மறுநாள் ஆபீசில் பியூன் பெரியகருப்பனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நம்ம ரிக்கார்டு ரூம்ல கரப்பான், எட்டுக்கால் பூச்சியெல்லாம் இருக்கா?"

"அதுக மட்டுந்தாங்க ஐயா அங்க ஒழுங்கா வேலை பாக்குது."

"நல்லா பெருசா கொஞ்சம் புடிச்சு இதுல போடு." டிபன் கேரியரின் மேல் அடுக்கை நீட்டினார்.

"எதுக்குங்க ஐயா?"

"மருந்துக்கு."

பெரியகருப்பன் பொல்லாத சுறுசுறுப்பு. சாயங்காலத்துக்குள் அடுக்கை நிரப்பி, மூடியை அமுக்கிக் கொடுத்துவிட்டான். பஸ்ஸில் அதை மடியில் படாமல் கையை எட்ட நீட்டிப் பிடித்தபடி ரெங்கராஜ் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் பக்கத்து வீட்டு ஞானமணி. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். எந்தச் சத்தத்தையும் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் உள்ளவர்.

"என்ன சார், அடுக்குக்குள்ள என்னமோ ஓடுது?"

"முறுக்கு."

"முறுக்கு ஓடுமா?"

"பஸ்ஸு ஓடுதுல்ல? அதுவும் ஓடுது."

"ஒண்ணு எடுங்க, தின்னு பாப்போம்."

"வேண்டாங்க. இது... கால் முறுக்கு. பல்லுல சிக்கிக்கும்."

வீடு வந்ததும் நேரே நிலவறைக்குள் இறங்கினார். கண்ணை மூடிக்கொண்டு மூடியைத் திறந்து, அடுக்கைக் கவிழ்த்துவிட்டு, ஒரே தாவலில் ஓட்டை அண்டா மேல் ஏறிக்கொண்டார். அங்கிருந்தபடியே விளக்குமாற்றால் ஒரு கோணிச் சாக்கை அடி அடியென்று அடித்தார். "விடாத! அந்தா ஓடுது! இந்தா, வாங்கிக்க!" என்று மேலே கேட்கும்படி கத்தினார். கத்தலில் பாதி நடிப்பு. மீதி, வேட்டிக்குள் ஏதோ ஊர்வது போல் இருந்ததால்.

மேலே வந்தவரைச் சொர்ணவல்லி மோரோடு எதிர்கொண்டாள்.

"நெறையவாங்க?"

"ஒண்ண அடிச்சா நாலு வருது. பூச்சியா அது? பட்டாளம்!"

"ஒங்களுக்குப் பயமா இல்லையா?"

மோர் உள்ளே இறங்கிய தெம்பு. மீசையைத் தடவிக்கொண்டார். "பயமா? எனக்கா? வெறுங்கையால புடிச்சு நசுக்கினேன். அதுக நடுவுல படுத்துத் தூங்கச் சொன்னாலும் தூங்குவேன்."

"அப்படியா!" என்று சொர்ணவல்லி கண்ணை அகல விரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தம்மை இப்படிப் பார்த்ததே இல்லையே என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த நாளும் கேரியர் நிறைந்து வந்தது. அதற்கு அடுத்த நாளும் வந்தது. நடுவில் சொர்ணவல்லி ஞானமணியிடம் சொல்லி ஒரு பொட்டலம் டி.டி.டி. பவுடர் வாங்கி வைத்திருந்தாள். "நானே தூவுறேன்" என்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பரண் மேல் ஒளித்துவிட்டு, அடுக்களையில் இருந்த அரிசி மாவை அள்ளி நிலவறை முழுக்கத் தூவினார். விளைவு, எறும்புகளும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன. பூச்சிக்கு மருந்து போடச் சொன்னால் மனிதர் விருந்து போட்டார்.

வெள்ளிக்கிழமை ஒற்றை மாட்டு வண்டி வந்து நின்றது. மலையாண்டி இறங்கினான். அமராவதி இறங்கினாள். நாலு பிள்ளைகள் இறங்கினார்கள். கடைசியாக ஒரு கடலைக்காய் மூட்டை இறங்கியது.

"சகலை, சௌக்கியமா? நாற்காலி சௌக்கியமா?" என்றான் மலையாண்டி.

ரெங்கராஜ் உதட்டைப் பிதுக்கி வருத்தத்தை வரவழைத்துக்கொண்டார். "வாங்க, வாங்க. ஆனா எங்க படுக்க வைக்கிறதுன்னுதான் தெரியல. நெலவறை பூரா பூச்சி. நானும் நாலு நாளா மல்லுக்கட்டிட்டேன், முடியல. பச்சப் புள்ளைகள அதுல விட முடியுமா? சாயங்கால பஸ்ஸு அஞ்சரைக்கு இருக்கு..."

"அவரு சொல்றது சரிதான்," என்றாள் சொர்ணவல்லி.

ரெங்கராஜ் திகைத்துப் போனார். அவர் சொன்னது சரி என்று அந்த வீட்டில் இதுவரை யாரும் சொன்னதில்லை.

"அதுல புள்ளைகள விட முடியாதுதான். அதனால நீங்க எல்லாரும் கூடத்துலயே படுத்துக்கங்க. கொழுந்தனாருக்குச் சாய்வு நாற்காலி இருக்கு. இவரு கீழ போய்ப் படுத்துக்குவாரு."

"யாரு? நானா?"

"வேற யாரு? பூச்சிக நடுவுல படுத்துத் தூங்குவேன்னு நீங்கதான சொன்னீங்க? அமராவதி, ஒங்க மச்சானுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. வெறுங்கையாலயே புடிச்சு நசுக்குவாரு!"

நாலு பிள்ளைகளும் பெரியப்பாவை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். "சிங்கம்!" என்று மலையாண்டி அவர் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்தான்.

பாய், தலையணையோடு சிங்கம் படியிறங்கியது. அன்று ராத்திரி அது தூங்கவில்லை. கவிழ்த்த அண்டாவின் மேல் குந்திக்கொண்டு விடிய விடிய விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தது. தாமே வருந்தி அழைத்து வந்த விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து அவரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மேலே சகலையின் குறட்டையில் கூரை அதிர்ந்து, காரை உதிர்ந்தது. ஒவ்வொரு காரைத் துகளும் எட்டுக் காலோடு விழுவதாகவே அவருக்குப் பட்டது.

விடிந்ததும் அடுக்களைக்கு ஓடினார்.

"வல்லி! எல்லாத்தையும் ஒழிச்சுட்டேன். இனிமே அவங்க தாராளமா கீழ படுத்துக்கலாம்."

சொர்ணவல்லி காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ஆபீஸ் கரப்பானுமா?"

ரெங்கராஜ் ஓரடி பின்வாங்கினார். "எந்த ஆபீஸ்...?"

"கேரியர் கழுவுறது யாருங்க? செவ்வாக்கெழமயே அடுக்குல மீசை கெடந்துச்சு. ஒங்களுதுன்னுதான் மொதல்ல நெனச்சேன். அப்பறம் பாத்தா, ஒங்க மீசைய விட வெறப்பா இருந்துச்சு."

ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை. பரண் மேல் இருந்த பவுடரை அவரே எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சொர்ணவல்லி இறங்கினாள். ஒரு மணி நேரத்தில் ஒட்டடை அடித்து, பவுடர் தூவி, கூட்டி அள்ளி, தரையைக் கழுவியும் விட்டாள். கரப்பானைக் காலாலேயே தேய்த்தாள். படியின் உச்சியில் நின்று எட்டிப் பார்த்த ரெங்கராஜுக்கு அந்த இடம் கோயில் பிராகாரம் மாதிரித் தெரிந்தது.

"இப்ப சகலையக் கீழ எறக்கிரலாமா?" என்றார் ஆவலோடு.

"அது எப்படிங்க? அவங்க மேலயே பழகிட்டாங்க. நல்லவேளை, கீழயும் சுத்தமாயிருச்சு. கீரனூர்ல எங்க நாகராசு அண்ணன், இடமிருந்தா குடும்பத்தோட வாரேன்னு சொல்லியிருந்தாரு. நாளைக்கே வரச் சொல்லிர்றேன்."

ரெங்கராஜுக்குக் கடைசியாக ஒரு யோசனை மின்னியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வல்லி, ஒண்ணு ரெண்டு பூச்சி எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கும். வந்தவங்களக் கடிச்சு வச்சா நமக்குத்தான கெட்ட பேரு?"

"அந்தக் கவலையே வேண்டாங்க. அண்ணன் இப்ப மலேரியா ஆபீசுலல்ல வேலைக்குச் சேந்திருக்காரு! மருந்தடிக்கிற பம்போடதான் வருவாரு. கடைசிப் பூச்சி சாகிற வரைக்கும் இங்கிட்டே இருந்து அடிக்கச் சொல்லிர்றேன்."