மஞ்சள் ரிப்பன் கட்டிய கோழி

இந்த வீட்டில் ஒரே ஒரு விஷயமாவது தன் இஷ்டப்படி நடக்க வேண்டும் என்று ஏசுபாதம் சபதம் எடுத்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்து எடுக்கிற சபதத்தை யார் மதிக்கப் போகிறார்கள்? ஆனாலும் எடுத்தார். விஷயம் பெரிசு ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை. சிநேகிதன் ஜான்சனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஊரப்பாக்கத்திலிருந்து பைக்கில் மகாபலிபுரம். கடலோரமாக உட்கார்ந்து சுடச்சுட மீன் வறுவல். அவ்வளவுதான் அந்த மனுஷனுக்கு இந்தப் பூலோகத்தில் மிச்சமிருந்த சுகம்.

அதற்கும் வந்தது வினை. மனைவி ரூத்து வடிவத்தில்.

"சர்ச்சு பொம்பளைங்க எல்லாம் சேந்து வேளாங்கண்ணி போறோம். வர்ற சனிக்கெழமைக்கு அடுத்த சனிக்கெழமை. மூணு நாளு. நீ கோழிங்கள பாத்துக்க."

அந்தச் சனிக்கிழமைதான் அந்த மாதத்து மகாபலிபுரம். "எனக்கு கோழி மேய்க்கத் தெரியாதுமே."

"இன்னா பெரிய வித்தை? காலைல தொறந்துவுட்டு தீனி போடணும். கீரி வராம கூடவே இருக்கணும். சாயந்தரம் கூப்ட்டு அடைக்கணும்."

"தெரியாத வேலைல கைய வெச்சி ஒண்ணு செத்துச்சின்னா நீதான் அழுவ. தெரியாதுன்னா தெரியாது. வுட்டுடு."

இந்த 'தெரியாது'தான் ஏசுபாதத்தின் கேடயம். சமையல், துணி துவைப்பது, ரேஷன் கடை எல்லாவற்றையும் அவர் இதை வைத்தே தடுத்திருக்கிறார். ரூத்து மேற்கொண்டு வாயே திறக்கவில்லை. வாய் திறக்காத ரூத்தைப் பார்த்தாவது மனுஷன் உஷாராகியிருக்க வேண்டாமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து வந்தவர் கொல்லையில் ஒரு புதுக் கோழியைப் பார்த்தார். செய்யூரிலிருக்கும் ரூத்தின் தங்கச்சி கொடுத்தனுப்பியதாம். கால் கட்டிப் போட்டிருந்தது. ஏற்கெனவே இருந்த ஐந்து கோழிகளும் அதைச் சுற்றி நின்றுகொண்டு முறைத்தன. ஐந்துக்கும் தலைமை, கழுத்தில் இறகே இல்லாத ஒரு தடிக் கோழி. அதட்டி மேய்ப்பதால் அதற்கு டீச்சரம்மா என்று பெயர். டீச்சரம்மா வந்தது, புதுசின் மண்டையில் நங்கென்று ஒரு கொத்து வைத்தது.

"ஐயோ, சாவடிச்சுடும் போல கீதே!" ரூத்து தலையில் கைவைத்தாள். "புதுக் கோழிய சேக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. உன்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? உனக்குதான் ஒண்ணும் தெரியாதே."

மதில் மேல் முகம் வைத்திருந்த பக்கத்து வீட்டு சரோஜா களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் ஏசுபாதத்தைக் கெடுத்தது.

"யாருக்குத் தெரியாது? மறைமலைநகர் கம்பெனில இருவது வருசமா ஸ்டோர் கீப்பர் நானு. எந்த சரக்கு உள்ள வந்தாலும் மொதல்ல ஹோல்டு. மஞ்ச ரிப்பன் கட்டித் தனியா வெப்போம். செக் பண்ணித்தான் ரேக்குல ஏத்துவோம். ரிப்பன் கட்டுன சரக்க மொதலாளியே வந்து கேட்டாலும் வெளிய வுட மாட்டேன். கோழியும் அப்பிடித்தான்."

"கோழிக்கு ரிப்பனா அண்ணாத்த?" என்றாள் சரோஜா.

"வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு காயம் இல்லாம சேத்துக் காட்டறேன். ஆனா எவளும் கிட்ட வரக்கூடாது. தீனி, தண்ணி, கூட்டறது, அடைக்கறது எல்லாம் நான்தான்."

"சரிய்யா," என்றாள் ரூத்து, பரம சாதுவாக.

அன்றைக்கே கொல்லையின் நடுவில் கம்பித் தட்டி கட்டி, அந்தப் பக்கம் புதுசை விட்டார். காலில் மஞ்சள் ரிப்பன். ஒரு நோட்டும் போட்டார். ஞாயிறு மாலை: தட்டி வழியாகக் கொத்து, பதினாலு. திங்கள் மாலை: இரண்டு. செவ்வாய்: சைபர்! ஏசுபாதத்துக்குத் தலைகால் புரியவில்லை. விடியற்காலையில் எழுந்து கூட்டினார், தண்ணீர் மாற்றினார், "பா... பா... பா" என்று கூப்பிடப் பழகினார். பிறகு ஏழே முக்கால் ரயிலுக்கு ஓடினார். இடுப்பு விட்டுப்போச்சு. ரூத்து ஒரு துரும்பை எடுத்துப் போடவில்லை, காலை நீட்டி டீ குடித்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிப்பனை வெட்டித் தட்டியைத் தூக்கினார். புதுசு நேராகத் தண்ணீர்ச் சட்டிக்குப் போனது, குடித்தது, டீச்சரம்மா பக்கத்திலேயே போய்ப் படுத்தது. டீச்சரம்மா கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"பாத்தியாமே! புதுசுன்னு சொல்ல முடியுதா?"

"ஆமாய்யா. ரொம்ப நாள் பழக்கம் மாதிரி கீது."

"கோழி மேய்க்கறது எனக்கு தூசு. எத்தினி நாளு வோணா தனியா மேய்ப்பேன். இன்னா சரோஜா, கேட்டுக்கினியா?"

"நல்லா கேட்டுக்கினேன் அண்ணாத்த!"

விடிந்தால் சனிக்கிழமை. வேளாங்கண்ணி சனிக்கிழமை. வாசலில் வேன் நின்றது. ரூத்து புதுப் புடவையில், கையில் பையோடு.

"இன்னாமே இது? இன்னிக்கு நான் மகாபலிபுரம் போணும்!"

"தனியா மேய்ப்பேன்னு நீதானே சொன்ன? ஊரே கேட்டுச்சே."

"சரோஜா பாத்துக்கட்டும்!"

"நானும்தான் வேன்ல போறேன்," என்றபடி சரோஜா ஒரு பெட்டியோடு வந்தாள். வந்தவள் சும்மா ஏறியிருக்கலாம். "ரூத்து, பாவம் அண்ணாத்த, உண்மைய சொல்லிடு. ஒரு வாரமா மாடு மாதிரி ஒழைச்சிருக்கு."

"இன்னா உண்மை?"

"அதுங்க திங்கக்கெழமையே சேந்துடுச்சு," என்றாள் ரூத்து. "நீ ரயிலுக்குப் போனதும் டீச்சரம்மாவையும் புதுசையும் ஒரே கூடைல கவுத்து, மேல சாக்கு போட்டு மூடினோம். இருட்டுல கோழிக்கு சண்டை வராது. மத்தியானம் எடுத்தா அக்கா தங்கச்சி மாதிரி வந்துச்சுங்க. அப்புறம் தெனமும் நீ போனதும் தட்டியத் தூக்குவோம், நீ வர்றதுக்குள்ள திருப்பி வெப்போம்."

"அடிப் பாவி! ஏன்மே சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ கோழி மேய்க்க கத்துக்கினு இருப்பியா?" என்று கேட்டுவிட்டு ரூத்து வேனில் ஏறினாள். பொம்பளைகள் எல்லாரும் கையாட்டினார்கள்.

வேன் தெரு முனை திரும்பியது. போன் அடித்தது. ஜான்சன்.

"மச்சான், கெளம்பிட்டியா?"

எக்கேடு கெட்டாவது போகட்டும் என்று ஏசுபாதம் சாவியோடு பைக்கை நோக்கி ஓடினார். 'பா பா' கேட்டுப் பழகிய ஆறு கோழிகளும் தீனிதான் என்று அவர் பின்னாலேயே ஓடி வந்து காலைச் சுற்றிக்கொண்டன. பைக் பக்கத்தில் போனவர் அப்படியே நின்றார். ஹேண்டில்பாரில், நன்றாக முடிச்சுப் போட்டு, அந்த மஞ்சள் ரிப்பன்.

"இன்னா மச்சான், சத்தத்தையே காணோம்?"

"நீ போய்ட்டு வா மச்சான்," என்றார் ஏசுபாதம். "என்னிய ஹோல்டுல போட்டுட்டாங்க."