பதிலாக வந்த கிட்டார்க்காரர்

கிராமத்து விழா மேடைக்குப் பின்னால் கறுப்புத் தொப்பியும் சிவப்பு டையுமாக நான்கு பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் யார் தலைவர் என்று டெல்மர் ஏக்கர்ஸுக்குத் தெரியவில்லை.

"வந்துட்டேன்" என்றார், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

"வந்தாச்சா? நல்லது" என்றார் மாண்டலின் வைத்திருந்த குண்டு மனிதர். மற்ற மூவரும் தலையை ஆட்டினார்கள். உடனே அவரவர் வாத்தியத்தைத் துடைக்க ஆரம்பித்தார்கள்.

'பழைய கிட்டார்க்காரன் இடத்துக்கு வந்தவன்னு கடுப்புல இருக்காங்க போல' என்று டெல்மர் நினைத்துக்கொண்டார்.

கெட்டில் க்ரீக் பாய்ஸ் இசைக்குழு என்றால் வர்ஜீனியா மலைப்பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. குழுவை ஆரம்பித்தவர் செத்துப்போய் ரொம்ப காலமாகிறது. ஆட்கள் வருவார்கள், போவார்கள். பெயர் மட்டும் வானொலியில் ஓடிக்கொண்டே இருந்தது. கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்யும் ஓபல் அம்மா வியாழக்கிழமை திடீரென்று போன் செய்தார்.

"கிட்டார்க்காரன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான் தம்பி. சனிக்கிழமை நீ வந்து வாசி. நல்லா வாசிச்சா வேலை நிரந்தரம். ஆனா ஒண்ணு, விழா நடத்துறவரு பழைய ஆளுங்கதான் வர்றாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. அங்க போய் பேரு ஊரு விசாரிச்சுக்கிட்டு நிக்காதே. பல வருஷம் பழகினவன் மாதிரி இருந்துக்க. புரியுதா?"

"புரியுதும்மா" என்றார் டெல்மர். பாதிதான் புரிந்திருந்தது.

டெல்மருக்கு ஐம்பத்திரண்டு வயது. காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுவார், மற்ற நேரமெல்லாம் புளூகிராஸ் என்ற மலைநாட்டு இசைக்கான கிட்டார்தான். கம்பி மீட்டும் சின்ன பிக் ஒன்றை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, ஃபிடிலில் வாசிப்பதையெல்லாம் அதே வேகத்தில் கம்பி கம்பியாக உதிர்ப்பார். இரண்டு குழுக்களில் இருந்தார். ஒன்று விவாகரத்தில் உடைந்தது, இன்னொன்று மதமாற்றத்தில். போட்டிகளில் ஒவ்வொரு வருடமும் இரண்டாம் பரிசு. முதல் பரிசு மட்டும் ஒவ்வொரு வருடமும் வேறு யாராவது ஒரு புது ஆளுக்குப் போகும்.

"நீ வாங்கின ரெண்டாம் பரிசு ரிப்பனையெல்லாம் சேர்த்துத் தைச்சா சமையலறை ஜன்னலுக்குத் திரைச்சீலை ஆகும்" என்பாள் அவர் மனைவி ரீனா. இந்தத் தடவை சிரிக்காமல் சொன்னாள். "இதுதான் கடைசி, டெல்மர். இதுவும் போச்சுன்னா திங்கட்கிழமை எங்கண்ணன் வான்கோழிப் பண்ணைக்குப் போற. அவன் ரப்பர் பூட்ஸ் கூட வாங்கி வெச்சுட்டான்."

அந்த பூட்ஸை நினைத்ததும் டெல்மர் கிட்டாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குண்டு மனிதரிடம் மெல்ல நெருங்கினார்.

"அண்ணே, முதல்ல எந்தப் பாட்டு?"

குண்டு மனிதர் திடுக்கிட்டார். தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "வழக்கமா ஆரம்பிக்கிறதுதான்" என்றார்.

வழக்கம் என்ன என்று கேட்டால் புது ஆள் என்பது வெளியே வந்துவிடும். டெல்மர் பாஞ்சோக்காரரிடம் போனார். ஒட்டகச்சிவிங்கி போல் உயரமான ஆள்.

"ஸ்ருதி வழக்கமானதுதானே?"

"உங்களுக்குத் தெரியாததா?" என்றார் ஒட்டகச்சிவிங்கி.

டெல்மர் ஓரடி பின்வாங்கினார். சோதிக்கிறார்கள், வேறென்ன! ஃபிடில் வைத்திருந்த தாடிக்காரரைப் பார்த்தார். அவர் அவசரமாகத் திரும்பி எதிரிலிருந்த மாட்டுத் தொழுவத்தை ரசிக்க ஆரம்பித்தார். ஆளுயர பேஸ் வயலினை அணைத்துக்கொண்டிருந்தவர் கண்களை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிரார்த்தனை மாதிரி இருந்தது.

"கெட்டில் க்ரீக் பாய்ஸ்!" என்று ஒலிபெருக்கி அலறியது.

மேடையில் ஒரே ஒரு மைக். எதிரே புல்வெளி நிறைய மடக்கு நாற்காலிகளில் ஜனங்கள். கைதட்டல் ஓய்ந்தது. யாரும் ஆரம்பிக்கவில்லை. குண்டு மனிதர் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தார். ஒட்டகச்சிவிங்கி தாடியைப் பார்த்தார். தாடி பேஸைப் பார்த்தார். பேஸ் டெல்மரைப் பார்த்தார். டெல்மருக்குப் பார்க்க ஆள் மிச்சமில்லை.

"வாசிங்கடா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

வேறு வழியில்லை. டெல்மர் தனக்குத் தெரிந்ததிலேயே வேகமான நடன மெட்டை ஆரம்பித்தார். நான்கு பேரும் சட்டென்று சேர்ந்துகொண்டார்கள். அப்பாடா! முதல் சுற்று முடிந்ததும் அவர் பின்னால் நகர்ந்து, அடுத்துத் தனியாக வாசிக்கத் தாடிக்கு வழிவிட்டார். தாடி பணிவாகக் குனிந்து பாஞ்சோவுக்கு வழிவிட்டார். பாஞ்சோ குனிந்து மாண்டலினுக்கு வழிவிட்டார். மாண்டலின் குனிந்து டெல்மரைக் கைகாட்டினார். டெல்மரே மறுபடி முன்னால் வந்து வாசித்தார். அடுத்த சுற்றிலும் இதே கதை. நான்காவது தடவை விரல்கள் மரத்துப்போயின.

இந்தத் தப்பைச் சரிசெய்ய எல்லாரும் ஒரே நேரத்தில் முடிவு செய்தார்கள் போலும். அடுத்த மெட்டில் ஐந்து பேரும் சேர்ந்தே மைக்கை நோக்கிப் பாய்ந்தார்கள். பேஸின் கழுத்து பட்டு ஒட்டகச்சிவிங்கியின் தொப்பி பறந்தது. தாடியின் வில் டெல்மரின் டைக்குள் மாட்டியது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இப்ப உங்க ஆளுங்களை அறிமுகப்படுத்துங்க!" என்று விழா நடத்துபவர் கீழிருந்து கத்தினார்.

நான்கு பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள். மைக்குக்கு முன்னால் டெல்மர் மட்டும் நின்றார்.

"மாண்டலின்ல..." என்றார். "இவரைப் பத்தி நான் என்ன சொல்ல? எல்லாருக்கும் தெரிஞ்சவர்!"

கைதட்டல்.

"பாஞ்சோல... இவரையும் உங்களுக்குத் தெரியும்!"

சிரிப்பு.

"ஃபிடில்ல... இவர் பேரைச் சொன்னா இவருக்கே பிடிக்காது! பேஸ்ல... அடேயப்பா, இவரா!"

கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அப்போது ஒட்டகச்சிவிங்கி மைக்கைப் பிடித்தார். "கிட்டார்ல, என்னைவிட உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச அருமை நண்பர்!" என்றார்.

குத்திக்காட்டுகிறார் என்று டெல்மருக்குத் தோன்றியது. மீதிக் கச்சேரியை எப்படி வாசித்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. இறங்கும்போது ஜனங்கள் விசிலடித்தார்கள். அவர் காதில் வான்கோழிகள்தான் கத்தின.

மேடைக்குப் பின்னால் வந்ததும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் குண்டு மனிதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ஐயா, நான் வாசிச்சது எப்படி இருந்துச்சு? மறைக்காம சொல்லிடுங்க."

"என்னையா கேக்கறீங்க?"

"வேற யாரை கேக்கறது? என்ன ஆச்சுன்னு என் பொண்டாட்டி கேட்டு உயிரை எடுப்பா."

டெல்மர் கையை விடுவித்துக்கொண்டார். "அண்ணே, என்னை வெச்சு விளையாடாதீங்க. வேலைக்கு ஆகமாட்டேன்னா நேரா சொல்லிடுங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

"நீங்க போறதா?" என்று தாடி அலறினார். "நீங்க போயிட்டா நாங்க யாரைப் பார்த்து வாசிக்கிறது?"

"அவரு கேக்கறாரே, முதல்ல அதுக்கு பதில் சொல்லுங்க" என்றார் ஒட்டகச்சிவிங்கி. "அப்புறம் எனக்கும் சொல்லுங்க."

பேஸ்காரர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரத்தில் வாசலில் டிக்கெட் கிழிக்கும் பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஐயோ, கூட்டத்துல நகர முடியல, மேடை ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லணும்னு ஓபல் அம்மா மத்தியானம் போன்ல சொன்னாங்க: பழைய ஆளுங்க அஞ்சு பேருமே சண்டை போட்டுக்கிட்டு விலகிட்டாங்களாம், நீங்க எல்லாருமே தனித்தனியா கூப்பிட்ட புது ஆளுங்களாம், அதனால உங்க அஞ்சு பேருல யாருக்கும் யாரையும் தெரியாதாம்!"