கல்யாணப் பத்திரிகையில் ஓட்டை போட்ட டி.டி.ஆர்.

கையில் கிடைத்த எதையும் ஓட்டை போடாமல் கீழே வைக்கத் தெரியாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மொரப்பூரில், எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார். வேண்டுமானால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

அவருடைய பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. டி.டி.ஆர்., அவ்வளவுதான். ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ரிட்டயர் ஆனவர். அட்டை டிக்கெட் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, கையில் குறடோடு ஓட்டை போட்டே சுகமாக வாழ்ந்தவர். பிறகு டிக்கெட் செல்போனுக்குள் போய்விட்டது. செல்போனில் எங்கே ஓட்டை போடுவது? மனிதர் கை நமைச்சலோடு வீடு வந்து சேர்ந்தார். மறு வாரமே தோல் சாமான் கடையில் ஓட்டை போடும் குறடு ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். அன்றைக்குப் பிடித்தது எங்கள் தெருவுக்குச் சனி.

குழந்தைகளுக்குக் கோர்க்கிற பொம்மை செய்கிறாராம். அட்டைப் பெட்டியை மாங்காயாக, யானையாக, ரயில் எஞ்சினாக வெட்டுவார். விளிம்பைச் சுற்றி டக் டக்கென்று ஓட்டை. ஒரு நாடாவை எடுத்து, நுனியில் செல்லோ டேப்பை இறுக்கிச் சுற்றி விறைப்பாக்குவார். மறுநுனியில் ஒரு முடிச்சு. தீர்ந்தது வேலை. மூன்று வயசு வாண்டுகள் சத்தமே போடாமல் உட்கார்ந்து, மேலே விட்டுக் கீழே இழுத்து, கோர்த்துக்கொண்டே இருக்கும். "நாடா ஒரு முழத்தத் தாண்டக் கூடாது கண்ணு, கழுத்துல சுத்திக்கும்" என்பதில் மட்டும் மகா கண்டிப்பு.

காலணா செலவில்லை என்று பெருமையாகச் சொல்வார். அவருக்கு இல்லை, எங்களுக்கு உண்டு! வார் அறுந்த ரப்பர் செருப்பை வாசலில் விட்டால் சாயந்திரம் அது வண்ணத்துப்பூச்சியாகிவிடும். பள்ளிக்கூட ஷூவில் லேஸ் தங்காது. ஒரு நாள் கொடியில் காய்ந்த பாவாடைகளில் நாடா மாயமானது. தெருப் பெண்கள் படை திரண்டு போய்க் கதவைத் தட்டினார்கள். அவர் மனைவி கதவைத் திறந்து, தன் இடுப்பைக் காட்டி, "எனக்கே சேஃப்டி பின்னுதாங்க. நீங்க வேற!" என்றார். படை சிரித்துக்கொண்டே திரும்பியது.

இப்படிப்பட்டவருக்கு ஒரு புதையல் கிடைத்தது. எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்தாலும் பத்திரிகையை யாரும் குப்பையில் போடமாட்டோம். மேலே பிள்ளையார் இருக்கிறாரே! எல்லாவற்றையும் பையில் கட்டி, சாமி பலகைக்குக் கீழே வைத்துவிடுவோம். கெட்டி அட்டை, ஜரிகை, பளபளப்பு. டி.டி.ஆர். வீடு வீடாகப் போய்ப் பைகளை வாங்க ஆரம்பித்தார். "சாமி மேல கொறடு படாதுங்க, ஓரத்துல மட்டுந்தான்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நேரம்தான் நேரம்! என் தங்கைக்குக் கல்யாணம். அச்சாகி வந்த புதுப் பத்திரிகைக் கட்டை, குலதெய்வத்துக்கு வைத்த பிறகுதான் ஊருக்கு என்று, அப்பா அதே சாமி பலகைக்குக் கீழே வைத்திருந்தார். சமையல்காரரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், டி.டி.ஆரைப் பார்த்ததும், "சாமிக்குக் கீழ இருக்குது, எடுத்துக்கங்க" என்று கையைக் காட்டிவிட்டார்.

மத்தியானம் டி.டி.ஆர். பையோடு ஓடிவந்தார். "உங்க வூட்டு அட்டைதாங்க ஃபர்ஸ்ட் கிளாஸு! புத்தம் புதுசாட்டம் இருக்குது!"

அப்பா ஒன்றை எடுத்துப் பார்த்தார். நாலு பக்கமும் ஓட்டை. எல்லாப் பத்திரிகையிலும்!

"யோவ், படிச்சுப் பாக்கலையா?"

"டிக்கெட்ல யாருங்க பேரப் படிச்சா? ஓட்ட போட எடம் இருக்குதான்னுதான் பாப்போம்."

தங்கை ஓவென்று அழுதாள். காரணம், மாப்பிள்ளையின் தாய்மாமன். அரூர்க்காரர், மகா ரோசக்காரர். நிச்சயதார்த்தத்தில் தன் தட்டில் வெற்றிலை வாடியிருந்தது என்று பாதியில் எழுந்தவரைக் காலில் விழாத குறையாக உட்கார வைத்திருந்தோம். விடிந்தால் கோயில், அங்கிருந்து நேராக அவர் வீடு. "இதப் பாத்தா அவரு கல்யாணத்தையே நிறுத்திருவாருப்பா!" அச்சாபீஸிலோ, "முகூர்த்த சீசனுங்க, ஒரு வாரம் ஆவும்" என்று கைவிரித்துவிட்டார்கள்.

டி.டி.ஆர். முகம் சுண்டிப்போனது. பையைத் தூக்கிக்கொண்டு போனவர், பொழுது சாய மனைவியோடு வந்தார். ஒவ்வொரு பத்திரிகையின் விளிம்பிலும் மஞ்சள் தோய்த்த நூல் கோர்த்து, மூலையில் முடிச்சுப் போட்டிருந்தார். "மூலைக்கு மூல மஞ்ச தடவறதுக்குப் பதிலா சுத்தியும் மஞ்சன்னு சொல்லலாங்க. தப்பு என்னுது. நானும் வரேன்." அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்; ஆனாலும் விடிந்ததும் டி.டி.ஆர். எங்களுக்கு முன்னால் வண்டியில் ஏறியிருந்தார்.

மறுநாள் அரூரில் மாமன் தட்டிலிருந்த பத்திரிகையை எடுத்தார். புரட்டினார். புருவம் மேலே போனது. "என்னாங்க இது, தையல் போட்டிருக்கீங்க?" அப்பா விளக்கம் சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் அவருடைய பேத்தி, மூன்று வயசு வாலு, பத்திரிகையைப் பிடுங்கி முடிச்சை அவிழ்த்து, நூலைச் சர்ரென்று உருவிவிட்டது. பிறகு தரையில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, மறுபடி கோர்க்கத் தொடங்கியது. நடுவில் சிக்கிக்கொண்டதும், "தாத்தா, நீ!" என்று நீட்டியது. ரோசக்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவசரத்தில் ஓர் ஓட்டையை விட்டுவிட்டார்.

"ஐயா!" என்று அலறினார் டி.டி.ஆர். "பொம்மிடி ஸ்டேஷன்ல நிக்காமப் போறீங்களே! எறங்கறவங்க என்னா பண்ணுவாங்க?"

செத்தோம் என்று நினைத்தேன். மாமன் டி.டி.ஆரை முறைத்தார். நூலைப் பார்த்தார். பிறகு, "வண்டியப் பின்னால எடுக்கறேன், இருங்க" என்றார். முகூர்த்த நேரத்தைக்கூடப் படிக்காமல் சேலம் வரைக்கும் கோர்த்து முடித்துத்தான் எழுந்தார். "இன்னும் நாலு குடுங்க. பேரப்பசங்க அடிச்சுக்குவாங்க."

கல்யாணத்தன்று மண்டபத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அத்தனை வாண்டுகளும் பத்திரிகையைக் கோர்த்துக்கொண்டிருந்தன. மாமன் டி.டி.ஆரை முன்வரிசையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி, "நீங்க அரூருக்கே வந்துருங்க. மாடி காலியாத்தான் கெடக்குது" என்றார். டி.டி.ஆரும், "யோசிக்கலாங்க" என்று தலையாட்டினார்.

எங்கள் தெருவே சாப்பாட்டை நிறுத்திவிட்டது. பத்திரிகை ஓட்டையான மத்தியானத்திலிருந்து டி.டி.ஆரோடு ஒரு வார்த்தை பேசாத அப்பா, சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சம்பந்தி வீடு என்றும் பார்க்காமல் சொன்னார்:

"பொண்ணக் குடுத்துட்டம்ங்க. அதோட உட்டுருங்க. இந்த மனுசனத் தரமாட்டோம்."