பீரோ ஊர்வலம்

இனி என் ஞாயிற்றுக்கிழமை எனக்கே சொந்தம் என்று, முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்று சபதம் எடுத்தேன். கண்ணாடியில் இருந்தவர் உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ள வேண்டியவர் சமையலறையில் இருந்தார்.

சிக்கல் ஒரு பீரோ. இரும்பு பீரோ. மாமனார் கொடுத்தது. அவருடைய மகளைப் போலவே உறுதியானது. இடத்தை விட்டு நகராது. அதைக் கீழ் அறையிலிருந்து மாடிக்கு ஏற்ற வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் கோரிக்கை. நான் லிஃப்ட் மெக்கானிக். அதுவே எனக்கு வினையாகிவிட்டது.

“ஊரையே மேல தூக்கி விடுறீங்க. ஒரு பீரோவைத் தூக்க முடியலையா?”

“அது கரண்டுல ஓடுதும்மா.”

“நீங்க எதுல ஓடுவீங்கன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்.”

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுத் தையற்காரர் கடவுள் மாதிரி வந்தார். கையில் பச்சைக் கொடி.

எங்கள் தெருவின் ஒரு முனையில் மருந்துக்கடை, அதன் வாசலில் பேருந்து நிறுத்தம். மறுமுனையில் இரும்புக்கடை. நிறுத்தத்தைத் தன் வாசலுக்கு மாற்ற வேண்டும் என்பது இரும்புக்கடைக்காரரின் கொள்கை. கூடாது என்பது மருந்துக்கடைக்காரரின் கொள்கை. இருவரும் சகலைகள். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் ஒரே கட்சியிலும் இருந்தால் எப்படி? மருந்துக்கடை பச்சைக் கட்சியில் சேர்ந்தது. இரும்புக்கடை ஊதாக் கட்சிக்குப் போனது. பச்சைக்காரர்கள் ஞாயிறன்று ஊர்வலம் அறிவித்தார்கள். ஊதாக்காரர்கள் அதே நேரத்தில் எதிர் ஊர்வலம் அறிவித்தார்கள். உடனே பச்சைக்காரர்கள் தங்களுடையதை ‘எதிர் ஊர்வலத்தை எதிர்க்கும் ஊர்வலம்’ என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். இரண்டு தரப்புக்கும் கொடி தைத்தவர் நம் தையற்காரர்.

“அப்போ நீங்க எந்தக் கட்சி?” என்று கேட்டேன்.

“பச்சைதான். ஊதா சீக்கிரம் சாயம் வெளுத்துடும். தச்சவனுக்குத் தெரியாதா?”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குள் போனேன். “ஞாயித்துக்கிழமை நான் போராடப் போறேன்.”

“யாரோட?”

“அநியாயத்தோட!”

“நல்லா போராடுங்க. தலைக்குத் தொப்பி போட்டுக்கங்க, வெயில் ஆகாது உங்களுக்கு.”

இவ்வளவு சுலபத்தில் அவள் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. “மாற்றாதே! மாற்றாதே! நிறுத்தத்தை மாற்றாதே!” என்று நாங்கள் போனோம். “மாற்று! மாற்று!” என்று அவர்கள் வந்தார்கள். தெரு நடுவில் முட்டிக்கொண்டு நின்றோம். தெருவையே அடைத்துவிட்டதால் பேருந்து இந்த வாசலிலும் நிற்கவில்லை, அந்த வாசலிலும் நிற்கவில்லை, வரவே இல்லை. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கோஷம் பாதிதான் வந்தது. பாதி சொன்னால் அது எதிர்க்கட்சிக் கோஷம்.

தையற்காரர் முறைத்தார். “என்னங்க, கட்சி மாறிட்டீங்களா?”

“இல்லீங்க, மூச்சு வாங்குது.”

அப்போது ஊதாக் கூட்டத்தின் முன்வரிசையிலிருந்து மைக்கில் ஒரு பெண் குரல் கிளம்பியது. தெரிந்த குரல். தினமும் கேட்கிற குரல்.

“தூக்கு! தூக்கு!”

“தூக்கு! தூக்கு!” என்றது ஊதாக் கூட்டம். கூட்டம் என்றைக்குக் காரணம் கேட்டிருக்கிறது?

“பீரோவைத் தூக்கு!”

“பீரோவைத் தூக்கு!” இந்த முறை எங்கள் ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். நானும் கத்தினேன். அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லியே பழகிய வாய்.

“மாடிக்குத் தூக்கு!”

மருந்துக்கடைக்காரர் வெலவெலத்துப் போனார். “யோவ், நமக்குத் தெரியாம ஒரு மக்கள் பிரச்சினையைப் பிடிச்சிட்டாங்கய்யா! யார் வீட்டு பீரோ?”

தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, “எங்க வீட்டுது” என்றேன்.

“கட்சிக்காரர் வீட்டு பீரோவை எதிர்க்கட்சி தூக்குறதா!” என்று மருந்துக்கடைக்காரர் எங்கள் பக்கத்து மைக்கைப் பிடுங்கினார். “பீரோவுக்காக முதல் குரல் கொடுத்தது நாங்கதான்! நாங்களே தூக்குவோம்!”

“நாங்க தூக்குவோம்! முடிஞ்சா தடுத்துப் பாருங்க!” என்றார் இரும்புக்கடை சகலை.

இரண்டு ஊர்வலமும் என் வீட்டுக்கு ஓடின. தலைப்பகுதியை ஊதாக்காரர்கள் பிடித்தார்கள்; கால்பகுதியைப் பச்சைக்காரர்கள் பிடித்தார்கள். மாடிப்படித் திருப்பத்தில் பீரோ சிக்கிக்கொண்டது. ‘இடது’ என்றால் அவர்கள் ‘வலது’. ‘சாய்’ என்றால் ‘நிமிர்த்து’. சகலைகள் ஆளுக்கொரு படியில் நின்று சொற்பொழிவைத் தொடங்கிவிட்டார்கள்.

என் மனைவி மாடிக் கைப்பிடிச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “அண்ணே, தூக்குறவங்க பேச வேணாம். பேசுறவங்க தூக்குங்க.”

சகலைகள் இருவரும் தோள் கொடுத்தார்கள். பீரோ பூ மாதிரி மேலே போய் உட்கார்ந்தது. கீறல்கூட இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு சகலைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தார்கள். பார்க்கவே நன்றாக இருந்தது. என் மனைவியைப் பார்க்க இன்னும் நன்றாக இருந்தது. வெயிலில் சிவந்த முகமும், கலைந்த முடியும், இடுப்பில் செருகிய மைக்குமாக.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். “அம்மா, ஒரே வார்த்தையில ரெண்டு கூட்டத்தையும் மாடி ஏத்திட்டீங்க. வார்டு தேர்தல்ல எங்க சார்பா நீங்க நிக்கணும்.”

“அதெப்படி? மைக் கொடுத்தது நாங்க. எங்க சார்பாதான் நிக்கணும்” என்றார் இரும்புக்கடைக்காரர்.

“ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டா யோசிக்கலாம்” என்றாள் அவள்.

சேர்ந்தே கேட்டார்கள்.

“ஆனா, என் வீட்டுக்காரரைக் கேக்காம நான் எதையும் முடிவு பண்றதில்லை.”

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. தையற்காரர்கூட மரியாதையாக விலகி வழி விட்டார். நான் தொப்பியைக் கழற்றினேன். பீரோ மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“தாராளமா கேளும்மா” என்றேன்.

“ஏங்க, சமையலை நாளையிலேர்ந்து பாத்துக்கிறீங்களா, இல்ல இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சிடுறீங்களா?”