எல்லாச்சாமி அண்ணை வாய் திறக்காத ஒரு மணித்தியாலம்

யாழ்ப்பாணத்தில் எல்லாச்சாமி அண்ணையைவிட அதிகமாகக் கும்பிட்டவர் எவரும் இருக்க முடியாது. ஐயர்மாரையும் பாதர்மாரையும் சேர்த்தே சொல்கிறேன். அவர்கள் ஓரிடத்தில் நின்று கும்பிடுகிறவர்கள். இவர் வான் ஓட்டிக்கொண்டே கும்பிடுவார். அதுவும் இரண்டு கையாலும்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும். கோயில், தேவாலயம், மரத்தடி வைரவர், எதுவானாலும் வணக்கம் உண்டு. பெரிய சாமி என்றால் வானை நிறுத்தி இறங்கியே ஆகவேண்டும்.

நான் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்தபோது டென்மார்க்கிலிருந்து பன்னிரண்டு கிறிஸ்தவ மாணவர்கள் வந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு வழிபாடும் இயற்கையும். காலையில் குருநகர்த் தேவாலயத்தில் பூசை, பின்னேரம் மணற்காட்டுக் கடற்கரை. மொழிபெயர்க்க நான், வானுக்கு எல்லாச்சாமி அண்ணை.

குருநகர் போவதற்குள் ஏழு இடத்தில் இறங்கினார். அவர் இறங்க, நிகழ்ச்சி நிரலே இதுதான் என்று நினைத்து அவர்களும் இறங்கித் தலை குனிந்து நின்றார்கள். எட்டாவது முறை அவர் இறங்கியது ரயருக்குக் காற்றடிக்க. அங்கேயும் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்று தலை குனிந்தார்கள். கடைக்காரர் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவசரமாக இறக்கிவிட்டு, கையில் காற்றுக் குழாயோடு அவர்களைத் திருப்பிக் கும்பிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பூசையில் கடைசிப் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

மணற்காட்டில், அவர்களில் குழுத்தலைவியாக இருந்தவள் ஓர் அறிவிப்புச் செய்தாள். ஒரு மணித்தியாலம் ஆளுக்கொரு இடத்தில், கடலைப் பார்த்து மௌனமாக இருக்கவேண்டும். அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன்.

"ஒரு மணித்தியாலம் கதைக்கக் கூடாதோ?"

"ஓம் அண்ணை. அதுதான் அவையின்ரை கும்பிடு."

"தேவாரமும் பாடேலாதோ?"

"மனசுக்குள்ளை எண்டால் பாடுங்கோ."

"கண்டறியாத கும்பிடு!" என்றார். பிறகு யோசித்தார். "சரி, எல்லாத்தையும் கும்பிடுறன். உந்தக் கும்பிடை மட்டும் ஏன் விடவேணும்?"

நானும் கண்ணை மூடினேன். உண்மையைச் சொன்னால், தூங்கிவிட்டேன். தோளில் விழுந்த அடியில் விழித்தால், அண்ணை இரண்டு கையையும் தலைக்கு மேலே வீசிக்கொண்டு ஓடுகிறார். இதுவும் ஒரு வழிபாடு என்று நம்பி, டென்மார்க் பிள்ளைகள் எழுந்து நின்று தாங்களும் கையை வீசுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால், ஹாண்ட் பிரேக் போடாத வான் தன்பாட்டில் கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த வான்தான் அவர் வீட்டில் ஐந்து பேருக்குச் சோறு. முன்சில்லு இரண்டும் தண்ணீருக்குள் போய்ப் புதைந்து நின்றன. அப்போதும் மனிதர் வாய் திறக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலைக் காட்ட, பதினொரு பிள்ளைகளும் நானும் அவரும் மூச்சு வாங்கத் தள்ளினோம். அலை கதவடிக்கு வந்த நேரத்தில் வான் ஒருவழியாகப் பின்னால் அசைந்தது.

மணித்தியாலம் முடிந்ததும் பொரிந்து தள்ளினேன். "ஒரு சத்தம் போட்டிருக்கலாமே அண்ணை! வான் கடலுக்கை போகப் பாத்ததே!"

அவர் இருக்கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "அங்கை மேட்டிலை தனிய இருந்த பிள்ளையைப் பாத்தனியோ தம்பி? வந்து இருந்த நேரம் தொட்டு அழுதுகொண்டிருந்தது. ஆரோ செத்திருக்கினம் போலை. நான் கத்தினால் அது பாதி அழுகையிலை எழும்பியிருக்கும்."

குழுத்தலைவியிடம் கேட்டேன். அந்தப் பெண்ணின் தகப்பன் இறந்து மூன்று மாதமாம். அன்றுவரை அவள் அழவே இல்லையாம்.

திரும்பி வரும் வழியில் அண்ணை வறுத்த கச்சான் கடலை வாங்கி, முதல் சுருளை அவளிடம் நீட்டினார்.

இன்றைக்கும் அவரைப் பற்றிப் பகிடி விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு யாராவது விட்டால் மட்டும் எனக்குக் கோபம் வருகிறது.