கொல்லையில் ஒரு கூரை

மச்சினனைக் கொல்லைக்குள் விடுவதில்லை என்று வெர்லின் டோலஃப்சன் முடிவு செய்தது ஒரு வெள்ளிக்கிழமை, பொரித்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. முடிவை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒரே ஆள் எதிரே உட்கார்ந்து மீனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள்.

மனைவி ஆர்டிஸ் கேட்டது பெரிய விஷயமில்லை. அவள் அண்ணன் டெல்மர் கல்யாணமாகாதவர், பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் குடியிருந்த வாடகை வீட்டை விற்கப் போகிறார்கள். இங்கே கொல்லையில் சின்னதாக ஒரு வீடு கட்டினால் அவர் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போவார் என்றாள்.

டெல்மர் கெட்டவர் இல்லை. பேசுவார், அவ்வளவுதான். விஸ்கான்சினில் தான் ஓட்டிய ஒவ்வொரு சாலையும் எங்கே வளைகிறது, அந்த வளைவில் யார் பண்ணை, அந்தப் பண்ணையில் எந்த மாடு முரடு என்பதை வரிசை பிசகாமல் சொல்வார். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்குவார்.

மனைவியிடம் முடியாது என்று சொல்லும் துணிச்சல் வெர்லினுக்குக் கிடையாது. ஆனால் அவர் ஊரின் மனை விதிக் குழுவில் உறுப்பினர். எந்த மனையில் எதைக் கட்டலாம், வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்டலாம் என்பதெல்லாம் அந்தக் குழு போட்ட சட்டம். கொல்லையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதைக் கொண்டும் அடைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. அந்தப் பங்கை வேறு எதையாவது வைத்து முதலில் நிரப்பிவிட்டால்?

மறுநாளே வெர்லினுக்குச் சூரிய பக்தி வந்துவிட்டது.

"வீடு கட்டலாம் ஆர்டிஸ். அதுக்கு முன்னாடி சோலார் போட்டுடுவோம். கொல்லையில, தரையிலயே, ரெண்டு வரிசை."

"கூரை மேல போடக் கூடாதா?"

"மேப்பிள் மரம் மறைக்குதே."

"சரி, போடு."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஆர்டிஸ் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும். மாறாக, அன்று மத்தியானமே பேனல்களுக்கு ஆர்டர் கொடுத்தார். ரத்து செய்ய முடியாத ஆர்டர்.

தரையில் பேனல் நிறுத்தக் குழுவின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் தன்னுடையது என்பதால் கூட்டத்தன்று வெர்லின் குழுவின் மேடையை விட்டு இறங்கி, ஊர்க்காரர்களோடு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆளுக்கு மூன்று நிமிஷம் பேசலாம். தன் மூன்று நிமிஷத்தையும் அவர் சூரியனுக்கே கொடுத்தார்.

பக்கத்து வீட்டு மிஸஸ் க்விஸ்ட் அடுத்து எழுந்தாள். பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம் தன் சமையலறை ஜன்னலுக்கு நேரே வருகிறது என்றாள்.

"வெர்லின் சட்டம் போடுறது புதுசு இல்ல. ஆனா அவர் போட்ட சட்டத்தைப் பார்த்து இதுவரைக்கும் எனக்குக் கண்ணு கூசினதில்ல."

பிறகு ஆர்டிஸ் எழுந்தாள். தனக்காகப் பேசத்தான் எழுகிறாள் என்று நினைத்து வெர்லினுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"மிஸஸ் க்விஸ்ட் சொல்றது நியாயம். என் வீட்டுக்காரருக்கு சூரியன் மேல எவ்வளவு ஆசைன்னும் கேட்டீங்க. அதனால தரையில வேண்டாம். உசரத்துல, ஒரு கூரை மேல இருந்தா யாருக்கும் கூசாது."

"உங்க கூரையில நிழல் விழுதுன்னு இப்பத்தானே சொன்னாரு?" என்றார் குழுத் தலைவர்.

"கொல்லையில விழாது. அங்க ஒரு கூரை கட்டிக்கிறோம்."

"வெறும் கூரையா?"

"கீழ ஏதாவது வச்சுத்தானே ஆகணும்."

வெர்லின் கையைத் தூக்கினார். அவருடைய மூன்று நிமிஷம் முடிந்துவிட்டதைத் தலைவர் வருத்தத்தோடு நினைவுபடுத்தினார். கொல்லைக் கூரைக்கு அனுமதி தரும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மிஸஸ் க்விஸ்ட் கை தட்டினாள்.

பனி விழுவதற்குள் வீடு எழுந்தது. ஒரு அறை, ஒரு அடுப்பு, தெற்கே பார்த்த பெரிய ஜன்னல், மேலே வெர்லினின் பேனல்கள். திரைச்சீலை வரை எல்லாம் ஆர்டிஸ் பார்த்துப் பார்த்து வாங்கியது. டெல்மர் பெட்டியோடு வந்து இறங்கினார். ஆர்டிஸ் பெட்டியை வாங்கி, பெரிய வீட்டுக்குள், சமையலறையை ஒட்டிய அறையில் கொண்டுபோய் வைத்தாள்.

"ஆர்டிஸ், அவர் வீடு பின்னாடி இருக்கு" என்றார் வெர்லின் மெதுவாக.

"அண்ணனுக்கு முட்டி வலி. அந்த வாசல்ல படி இருக்கே."

"படி இல்லாம கட்டியிருக்கலாமே?"

"கட்டியிருக்கலாம்."

"அப்ப அந்த வீடு?"

"எனக்கு."

கடைசியில் வெர்லின் தனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார். ஒரே மனையில் இரண்டு வீடு இருந்தால், சின்ன வீடோ பெரிய வீடோ, ஒன்றில் சொந்தக்காரர் குடியிருந்தே ஆக வேண்டும், அதனால் பெரிய வீட்டை அவள் அண்ணனிடம் விட்டுவிட்டுப் போக முடியாது என்றார்.

"பத்திரத்துல என் பேரும் இருக்கு வெர்லின். நான் சின்னதுல குடியிருக்கேன். பெரிய வீட்ல யார் இருந்தாலும் சட்டத்துக்குக் கவலை இல்ல."

அவர் யோசித்துப் பார்த்தார். தப்பு ஒன்றும் அகப்படவில்லை. அந்த விதியை எழுதியவரே அவர்தான். எழுதும்போது ஓட்டை எதுவும் விடவில்லை.

ஆர்டிஸ் தலையணையையும் காப்பிப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு புல்வெளியைக் கடந்து போனாள். பெரிய வீட்டுக்குள்ளே டெல்மர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஓ கிளேர் நகரத்துக்கு வெர்லின் எந்த வழியாகப் போவது வழக்கம் என்று விசாரித்தார். பதில் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை.

சாயங்காலம் வெர்லின் சின்ன வீட்டுக் கதவைத் தட்டினார். ஆர்டிஸ் முகம் தெரியும் அளவுக்குத் திறந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வா" என்றாள். "அண்ணனையும் கூட்டிட்டு வா."