சம்பந்தி கேட்ட பூட்டன்

புந்தோங், ஈப்போ.

கெண்டக்கியில் குளிரோடும் கௌரவத்தோடும் வாழும் என் அருமைத் தம்பி மகேந்திரனுக்கு, அண்ணன் உடையப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி சரளாவும் என் முழங்கால் வலியும் சௌக்கியமாக இருக்கிறோம். நீ அனுப்பிய புத்தகம் வந்து சேர்ந்தது. உன் மகள் பிரமிளாவின் மாமனாருடைய முன்னோர் ஒருவர், கோடாரியும் கோவேறு கழுதையுமாகக் காட்டுக்குள் போய், கரடியைச் சுட்டு, குடிசை போட்ட கதை முந்நூற்றிருபது பக்கம். கழுதைக்கே தனியாக ஒரு அத்தியாயம் இருக்கிறது. ரொம்ப சந்தோஷம்.

அதன் மறுபதிப்பில் பெண் வீட்டாருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். நீ சும்மா இருந்திருக்கலாம். "எங்க பூட்டன் சீனியும் சிலிம் ரிவர் பக்கம் காடு வெட்டின முதல் ஆளு" என்று கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கினாய். இப்போது ஆதாரம் கேட்கிறார்கள். பதினைந்து நாளில் கொடுக்காவிட்டால் அந்த இரண்டு பக்கமும் வெறுமையாகவே அச்சாகும் என்று பிள்ளை போனில் அழுகிறாள். அவர்கள் முன்னோர் காடு வெட்டினார், காடு அவருக்கே சொந்தமானது. நம் பூட்டன் வெட்டினார், காடு வெள்ளைக்காரத் தொரைக்குச் சொந்தமானது. ஆதாரம் யார் வீட்டில் இருக்கும் என்று நீயே சொல்.

முதலில் ஒரு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் நம் தமிழ்ப் பெண்தான். 1931இல் செத்தவரின் ஐ.சி. நம்பர் கேட்டாள். அப்போது அடையாள அட்டையே கிடையாதும்மா என்றேன். "அப்படின்னா அவரே நேர்ல வரணும்லா அங்கிள்" என்றாள்.

சரி, பூட்டன் வேலை செய்த தோட்டத்துக்கே போய்விடலாம் என்று அண்ணியோடு ஏழாங்கட்டை மைல்கல் பக்கம் கிளம்பினால், ரப்பரெல்லாம் போய் எங்கே பார்த்தாலும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை, கார் சேற்றில் மாட்டி, அதைத் தள்ளி, என் செருப்பில் ஒன்று சேற்றோடு போய், அண்ணி காலில் மூன்று அட்டை ஏறி, அவள் உன் பெயரைச் சொல்லிச் சொல்லி வாழ்த்தி, ஒருவழியாகக் காவல்காரனைப் பிடித்துப் பழைய கல்லறை ஏதும் இருக்கா என்று கேட்டால், ஒன்றே ஒன்று இருக்கிறது என்று பழைய பங்களா மேட்டுக்குக் கூட்டிப்போனான். சிமெண்டு கல்லறைப்பா! பேர் இருந்த பக்கம் உடைஞ்சு போச்சு, 1931 மட்டும் தெரியுது. பூட்டன் செத்த வருஷம். தொரை நம்ம ஆளை எவ்வளவு மதிச்சிருந்தா தன் பங்களாவுக்குப் பக்கத்துலயே வச்சிருப்பான்! அண்ணி வாழையிலை போட்டு, கோழிக்கறி, சுருட்டு, ஒரு போத்தல் ஸ்டவுட் பீர் எல்லாம் வச்சுப் படைச்சா. காக்காய்க்குக் காத்திருந்தா, எங்கிருந்தோ ஒரு சொறிநாய் வந்து கோழியை மட்டும் தின்னுட்டு அந்தக் கல்லறை மேலேயே படுத்துக்கிச்சு. "பூட்டனே வந்துட்டாருங்க!"ன்னு அண்ணி விழுந்து கும்பிட்டா. நானும் விழுந்தேன். எழுந்திரிக்கப் பத்து நிமிஷம் ஆச்சு.

கல்லறையைப் படமெடுத்து அங்கிருந்தே பிரமிளாவுக்கு அனுப்பிவிட்டேன். பக்கம் நிரம்பியது. உன் சம்பந்தியிடம் சொல்லு: கரடி சுட்டவருக்குப் புத்தகப் படத்தில் மரச்சிலுவைதான், நம் பூட்டனுக்குச் சிமெண்டு.

பிரமிளாவுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம். அந்தக் கழுதைக்கு வாரிசு யாரும் இருந்தால் அதற்கும்.

இப்படிக்கு, ஒற்றைச் செருப்போடு,
அண்ணன் உடையப்பன்

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில், அந்தத் தோட்டத்தில் ஐம்பது வருஷம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த காளியம்மா அக்கா வீட்டுக்கு வந்தார். பெருமையாகப் படத்தைக் காட்டினேன். "அட, இது தொரையோட வேட்டை நாயைப் புதைச்ச கல்லறைலா! நம்ம ஆளுங்களுக்கு எவன் சிமெண்டு போட்டான்? அவங்கல்லாம் ஓடைக்கு அந்தாண்ட, செம்பனைக்குக் கீழே கெடக்காங்க. எந்த மரம்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது, தம்பி. அதற்குள் பிரமிளாவின் செய்தி: சம்பந்தி கண்கலங்கிவிட்டாராம், படத்தை அட்டையிலேயே போடுகிறாராம், டிசம்பரில் குடும்பத்தோடு மலர்வளையம் வைக்க வருகிறாராம். நீ வாயைத் திறக்காதே. காரில் இரண்டு மூட்டை சிமெண்டு ஏற்றிவிட்டேன். ஓடைக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு மரத்தடியில், அட்டைப்படத்தில் உள்ளதுபோலவே பூட்டனுக்கும் ஒன்று கட்டப்போகிறேன், அதைவிட ஒரு சாண் உயரமாக. காவல்காரன் கேட்டால் தொரையின் இன்னொரு நாய்க்கு என்று சொல்லிக்கொள்கிறேன். அதற்கு இந்தத் தோட்டத்தில் யாரும் தடை சொன்னதில்லை.